ஆலோசகருக்குத் தெரியாது

"அண்ணன் தம்பி உதவுவதைவிட..." என்று எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார் அண்ணாச்சி. முழுசாக வரமாட்டேன் என்கிறது. அம்பாசமுத்திரம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்தாரென்றால் அதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கமாட்டார். அடி என்று ஒரு சொல் வரும், அண்ணன் தம்பி வருவார்கள், உதவி வரும். எதைவிட எது உசத்தி என்பதுதான் மறந்துபோயிற்று. உங்களுக்குத் தெரியும் போலிருக்கிறது, சிரிக்கிறீர்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

கரண்ட் வர முக்கால் மணி ஆகும் என்று உங்கள் டைப்பிஸ்ட் அம்மா சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். கரண்ட் வந்தால்தான் அஃபிடவிட்டை அச்சு எடுக்க முடியும், அச்சு எடுத்தால்தான் நான் கையெழுத்துப் போட முடியும், கையெழுத்துப் போட்டால்தான் நீங்கள் நோட்டரி முத்திரை குத்த முடியும். அதுவரை இந்த அறையில் நாம் இரண்டு பேரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கரண்ட் போவதற்குமுன் நீங்கள் திரையில் ஏழாம் பத்தியை இரண்டு தரம் படித்ததைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டீர்கள். அதனால்தான் சொல்கிறேன். மற்றபடி நோட்டரியிடம் கதை சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஏழாம் பத்தி சின்னதுதான். புதிதாகச் சேர வந்த மாணவர்களை யாரும் அடித்ததோ துன்புறுத்தியதோ எனக்குத் தெரியாது, அந்த வீட்டுக்கு நான் ஒருபோதும் போனதில்லை. அவ்வளவுதான்.

நான் அமெரிக்காவில் இருபத்துமூன்று வருஷம் இருந்தேன். அலபாமாவில் ஒரு சின்ன ஊர். மற்றக் கல்லூரிகள் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் கறுப்பின மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கென்று கட்டிக்கொண்ட கல்லூரி. அங்கேயே ஆராய்ச்சி முடித்து அங்கேயே வேதியியல் வாத்தியார் ஆனேன். அந்த மாதிரிக் கல்லூரிகளில் ஃப்ரட்டர்னிட்டி என்று உண்டு. சகோதரர் சங்கம். பெண்களுக்கு அதேபோல் சகோதரிகள் சங்கம். தேர்தலுக்குத் தேர்தல் உடைகிற நம் ஊர்ச் சங்கம் மாதிரி நினைக்காதீர்கள். ஒருதரம் சேர்ந்தால் பாடை ஏறுகிறவரை. ஒரு கிழவர் செத்தால் இருபது வயசுப் பிள்ளைகள் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து பெட்டியைத் தூக்குவார்கள்.

எங்கள் அப்பா தவறியபோது என் விசா மாறிக்கொண்டிருந்த சமயம். கிளம்பினால் திரும்ப முடியாது. வீட்டில் நானும் என் மனைவி கோமுவும் மட்டும். கொள்ளி வைக்காத மகன் என்று சோபாவில் கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில் கதவைத் தட்டினார்கள். அந்த ஊர்ச் சங்கத்துக்காரர்கள், பன்னிரண்டு பேர் அண்ணாச்சி. எல்லோரும் கறுப்புக் கோட்டு, ஆளுக்கொரு பாத்திரம். மாக்கரோனி, கீரை, வறுத்த கோழி. பதினாறு நாள் கவுச்சி தொடக்கூடாது என்று கோமு ஜாடை காட்டுகிறாள். நான் தின்றேன். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அப்பா பெயரைக் கேட்டு, வாய்க்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்து, என்னைவிடத் திருத்தமாக உச்சரித்து ஜெபம் பண்ணினார். இவர்களோடு சேர்ந்துவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

சேர்ந்தேன். முப்பத்தெட்டு வயதில். ஒரு விண்ணப்பம், இரண்டு சனிக்கிழமை வகுப்பு, ஒரு பரீட்சை, ஓர் உறுதிமொழி. அதுதான் சங்கத்துச் சட்டம். அந்தக் காலத்தில் சேர வருகிறவர்களை வரிசையில் நிறுத்தி அடி, பட்டினி, ஓடவிடுவது என்று மாதக்கணக்கில் படுத்தித்தான் சேர்ப்பார்கள். பையன்கள் செத்தும் போயிருக்கிறார்கள். தலைமையே அதையெல்லாம் எப்போதோ தடை செய்துவிட்டது. நம் ஊரில் ராகிங் என்கிறோமே, அதுதான். ஒரு வித்தியாசம், நம் ஊரில் அது தேடி வரும். அங்கே பையனே தேடிப் போய்க் கேட்டு வாங்குவான்.

ஏன் கேட்டு வாங்குகிறான்? சட்டப்படி சேர்ந்தவனுக்கு அங்கே ஒரு பட்டம் இருக்கிறது. "பேப்பர்" என்பார்கள். விண்ணப்பத்தாளில் பிறந்தவன் என்று அர்த்தம். அடி வாங்கிச் சேர்ந்தவனைத்தான் "உருவானவன்" என்பார்கள். எல்லாச் சங்கத்திலும் இந்தப் பேச்சு உண்டு. மேலே இருக்கிறவர்கள் கூடாது என்பார்கள், கீழே இருக்கிறவர்கள் விடமாட்டார்கள்.

ஆவுடையப்பன் என்ற என் பெயரை வாயில் வைக்க முடியாமல் மாணவர்கள் என்னை "டாக்" என்று சுருக்கிக்கொண்டார்கள். டாக்டர் என்பதில் பாதி. கூட்டத்துக்குப் போனால் ஒருவன் கேட்பான், "டாக், நீங்க சேர்ந்தப்ப வரிசையில உங்களுக்கு முன்னாடி யாரு நின்னா?" அடுத்தவன் சொல்வான், "முன்னாடி ஸ்டேப்ளர், பின்னாடி பேப்பர் கிளிப்பு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றியதில்லை. முதல் தடவை அது நடந்தது ஒரு அக்டோபர் ஆறாம் தேதி, சாயங்காலம் ஐந்தேகால் மணி, நூலகத்தின் இரண்டாம் மாடி. சொன்னவன் பச்சைச் சட்டை போட்டிருந்தான். அவ்வளவுதான் ஞாபகம்.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்றால், கல்லூரியில் வேலை பார்க்கிற சங்க உறுப்பினன் நான் ஒருவன்தான். ஆலோசகர் என்று ஒருவர் கையெழுத்துப் போடாமல் புதுப் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது. ஆக, ராகிங் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் நான். சும்மா இருக்கவில்லை அண்ணாச்சி. பத்தொன்பது விதிகள் எழுதினேன். ஒவ்வொரு பையனிடமும் ஒவ்வொரு விதிக்குக் கீழேயும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கினேன். யாராவது உன்னை அடித்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு என்று கடைசியில் என் நம்பரைப் போட்டேன். மூன்று வருஷத்தில் ஒரு ஃபோன்கூட வரவில்லை. அவ்வளவு கட்டுப்பாடு. அந்தப் படிவத்தைத்தான் இன்றைக்கும் பக்கத்துக் கல்லூரிகளில் உபயோகிக்கிறார்கள். இங்கேயும் ஒரு என்ஜினியரிங் கல்லூரியில் ராகிங் தடுப்புக் குழுவுக்குப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வெள்ளி.

அந்த ஜனவரியில் சேர வந்தவர்கள் ஐந்து பேர். சங்கத்து மாணவர் தலைவன் டேவியன். நல்ல பையன். அவன் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். வக்கீலுக்குப் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். உங்கள் தொழில்தான்.

ஒருநாள் அந்த ஐந்து பேரும் வகுப்புக்கு நடந்து போவதைப் பார்த்தேன். ஒருவன் பின்னால் ஒருவன். குட்டை முன்னால், நெட்டை கடைசியில். ஒரே மாதிரிச் சாம்பல் மேல்சட்டை. யாரும் யாரோடும் பேசவில்லை, தலை நிமிரவில்லை, திருப்பத்தில்கூட வரிசை கலையவில்லை. அழகாக இருந்தது அண்ணாச்சி. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, அழகாக இருந்தது. என் படிவத்தில் நாலாம் விதி, வரிசை கட்டி நடக்கவைக்கக் கூடாது. டேவியனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பாதை குறுகல் டாக், அதான்."

பாதை பன்னிரண்டு அடி அகலம். ஆனால் ஒருவன் ஒரு விளக்கம் சொன்னபிறகு திரும்பக் கேட்பது அவனைப் பொய்யன் என்பதுபோல் ஆகிவிடாதா? விசாரித்தேன், விளக்கம் பெறப்பட்டது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். தேதி போட்டு. அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

வரிசையில் கடைசி ஆள், நெட்டை, அமாரி. என் ஆய்வகத்து மாணவன். கை சுத்தம். பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து அவன் ஸ்டூலில் உட்காருவதை விட்டுவிட்டான். மூன்று மணி நேர வகுப்பு, நின்றுகொண்டே இருப்பான். "உட்காரேன் அமாரி" என்றேன். "நின்னா நல்லா கேக்குது டாக்" என்றான். வகுப்பே சிரித்தது. கெட்டிக்காரன்.

பிப்ரவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. சர்ச் விட்ட நேரம். டேவியன் ஃபோன் பண்ணினான். "டாக், ஊருக்கு வெளியில நம்ம பசங்க வாடகைக்கு எடுத்த வீட்டுல கறி சுடுறோம். நீங்க வரணும்." மூன்று வருஷத்தில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கோமு வரவில்லை என்றாள். நான் சட்டை மாற்றிக்கொண்டு போனேன்.

ஏழாம் பத்தியில் சொல்கிற வீடு அதுதான். ஆமாம். பொறுங்கள், சொல்லி முடித்துவிடுகிறேன்.

வாசலில் ஒன்பது பேர் எழுந்து நின்றார்கள். "ப்ரதர் ஆ-வு-டை-யப்-பன்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். முழுப் பெயர் அண்ணாச்சி. சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். துடுப்பு மாதிரி ஒரு மரப்பலகை, நல்ல கனம், பளபளவென்று மெருகேற்றி அதில் என் பெயரைச் செதுக்கி வைத்திருந்தார்கள். கையில் வாங்கி ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தேன். பின்கட்டில் அடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த ஐந்து பேரும் நின்றார்கள். வேலியைப் பார்த்து, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு. அவர்கள் வேலியைப் பார்த்தார்கள். நான் கறியைப் பார்த்தேன்.

சாப்பிட்டானதும் டேவியன் மெல்லச் சொன்னான்.

"மூணே மூணு டாக். அப்புறம் உங்களை எவனும் பேப்பர்னு சொல்லமாட்டான். சொன்னா அவனுக்கு முப்பது."

"நான் ஆலோசகர், டேவியன்."

"அதான் டாக். ஆலோசகரே பேப்பரா இருந்தா நாங்க யார்கிட்டப் போய் ஆலோசனை கேக்கறது?"

"வயசாச்சுப்பா எனக்கு."

"மெதுவா அடிக்கறோம். பெரியவங்களுக்குத் தனி ரேட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. வீட்டு மனிதரிடம் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நானேதான் சுவரில் கையை ஊன்றினேன். கட்டாயப்படுத்தினால்தானே ராகிங்? நான் சம்மதித்தேன். என் படிவத்தில் இரண்டாம் விதி, சம்மதித்தான் என்பது சாக்கு ஆகாது என்று. அது மாணவர்களுக்காக எழுதியது.

அந்தப் பலகையால் மூன்று அடி. முதல் அடியில் காது அடைத்துக்கொண்டது. மூன்றாவது முடிந்ததும் ஒன்பது பேரும் வந்து கட்டிக்கொண்டார்கள். பாடினார்கள். நான் அழுதேன் அண்ணாச்சி. அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை. வலியில் அழுதேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், வலி ஒன்றும் இல்லை. காருக்குப் போகும்போது வேலி ஓரத்திலிருந்து அமாரி ஒருதரம் தலையைத் திருப்பிப் பார்த்தான். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

வீட்டில் குப்புறப் படுத்திருந்தேன். கோமு பார்த்துவிட்டாள்.

"என்ன இது?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டுது."

"பாத்ரூம்ல விழுந்தவருக்கு அளவெடுத்த மாதிரி மூணு கோடா?" என்றாள். தைலம் தேய்த்தாள். அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அமாரி மாடிப்படியில் விழுந்தான். ஆம்புலன்ஸ் வந்தது. சதை அடி தாங்காமல் நைந்துபோனால் அதிலிருந்து ஒரு பொருள் ரத்தத்தில் கலக்கும். அது சிறுநீரகத்தை அடைத்துவிடும். அமாரிக்கு இரண்டும் போய்விட்டது. இருபது வயசு. வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுத்திருக்கிறான். அவன் அம்மா மிஸ் ரெனீட்டா, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அம்மா, கேஸ் போட்டிருக்கிறாள். டேவியன் மேலும் சங்கத்தின் மேலும்.

ஆகஸ்டில் நான் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டேன். மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மாமனார் நன்றாக இருக்கிறார். தினமும் வ.உ.சி. மைதானத்தில் நாலு சுற்று நடக்கிறார்.

வந்தபிறகும் விடவில்லை. டேவியன் கூப்பிட்டான். "ப்ரதர்" என்றான். இப்போதெல்லாம் டாக் இல்லை, ப்ரதர்தான். "ப்ரதர், ஒரே ஒரு பத்தி. வக்கீல் எழுதி அனுப்புவாரு. உங்களுக்கே தெரியலன்னா, கல்லூரியில வேற யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? எங்க ஒம்பது பேரையும் நீங்கதான் காப்பாத்தணும். நீங்க அங்க வந்ததை நாங்க யாரும் சொல்லல. சொல்லவும் மாட்டோம். ப்ரதர்ஸ் இல்லையா?" மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் அதற்கப்புறம் நான் சரியாகத் தூங்கவில்லை.

தெரியும் என்று நான் சொன்னால் அந்தப் பன்னிரண்டு பேர் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்தத் தபால்காரர் போன மாதம்கூட ஃபோன் பண்ணினார். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவுக்குத் திதி கொடுத்தாயா என்று கேட்டார். தெரியாது என்று சொன்னாலோ...

மிஸ் ரெனீட்டாவும் கூப்பிட்டாள். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்றால், படிவத்தில்தான் இருக்கிறதே. "டாக்டர், எம் மகனுக்கு உங்களை ரொம்பப் புடிக்கும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவன் உங்ககிட்ட எதாவது சொன்னானா?"

"பத்தொன்பது விதியிலும் அவன் கையெழுத்து இருக்கும்மா" என்றேன்.

பின்னால் பஸ் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. "அதை வச்சு நான் என்ன பண்ண, டாக்டர்?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

நியாயமான பதில்தானே நான் சொன்னது? கையெழுத்து இருக்கிறது என்பது உண்மைதானே?

என்ன கேட்டீர்கள்? அவன் சொன்னானா என்றா? அதைத்தானே அந்த அம்மாளும் கேட்டாள், நீங்களும் அதையே கேட்கிறீர்களே. வக்கீல் புத்தி.

வியாழக்கிழமை. விழுந்ததற்கு முந்தின நாள். ஆய்வகம் முடிந்து எல்லோரும் போனபிறகு அமாரி நின்றான். குழாயடியில் பீக்கரைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், ஏதோ பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான். "டாக், ஒருத்தனுக்கு ஒண்ணுக்கு கோக் கலர்ல போனா என்ன அர்த்தம்?"

நான் முப்பது வருஷம் வேதியியல் படித்தவன் அண்ணாச்சி. அந்த நிறம் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தது. அந்த நிமிஷமே தெரிந்தது. நாலு கட்டடம் தள்ளிக் கல்லூரி டிஸ்பென்சரி. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் பத்து நிமிஷம். அங்கே இருக்கிற நர்ஸ் அவனைத் திரும்பிப் படுக்கச் சொல்வாள். பார்ப்பாள். யார் அடித்தது, ஆலோசகர் யார் என்று கேட்பாள். எனக்கும் அன்றைக்கு உட்கார முடியவில்லை. நாலு நாளாக நானும் நின்றுகொண்டுதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவனும் நிற்கிறான், நானும் நிற்கிறேன்.

"தண்ணி நிறையக் குடி" என்றேன். "ரெண்டு லிட்டர்."

"சரி டாக்" என்றான். பீக்கரைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

இதை அவன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவன் அம்மாவிடமும் இல்லை, அவன் வக்கீலிடமும் இல்லை. சொல்லியிருந்தால் கேஸில் என் பெயரும் இருந்திருக்கும். வாரம் மூன்று நாள் மெஷினில் படுத்துக்கொண்டு என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறான். அவன் சங்கத்தில் சேரக்கூட இல்லை அண்ணாச்சி. சேர்வதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டான்.

இல்லை, தண்ணீர் வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறேன். முகம் வேர்க்கிறது, அவ்வளவுதான். அந்த ஜன்னலைத் திறக்க முடியாதா? ஆணி அடித்துவிட்டீர்களா? எதற்கு?

நான் என்ன சொல்ல வருகிறேன் என்றால், விதிகளில் குறை இல்லை. பத்தொன்பதையும் நீங்கள் வாசித்துப் பாருங்கள். வேண்டுமானால் இருபதாவதாக ஒன்றைச் சேர்க்கலாம். எதைச் சேர்ப்பது என்று இங்கே வந்த நாளிலிருந்து யோசிக்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

ஃபேன் சுற்றுகிறது பாருங்கள். கரண்ட் வந்துவிட்டது.

டைப்பிஸ்ட் அம்மா வருகிறவரை காத்திருக்க வேண்டாம், நானே அடித்துக்கொள்கிறேன். ஏழாம் பத்தியைத் திரையில் எடுங்கள். "தெரியாது", "போனதில்லை" எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். பிப்ரவரி பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை நான் அந்த வீட்டில் இருந்தேன், ஐந்து மாணவர்களையும் பார்த்தேன், நானும் அடி வாங்கினேன். அடுத்த வரியில், பிப்ரவரி இருபத்திரண்டு வியாழக்கிழமை அமாரி என்னிடம் கேட்டது, நான் சொன்ன பதில், இரண்டையும் அப்படியே போடுகிறேன். முகவரியையும் மாற்ற வேண்டும். இது சங்கத்து வக்கீலுக்குப் போகவில்லை. மிஸ் ரெனீட்டாவின் வக்கீலுக்குப் போகிறது.